இரவுப் பணி

ஓய்வூதியர் சங்க மாதக் கூட்டத்தில்
வழக்கமாகப் பேசுவது அகவிலைப்படி நிலுவை,
காப்பீட்டு அட்டையை வாங்க மறுத்த தஞ்சாவூர் மருத்துவமனை.
இந்த மாதம் ஆந்தை.

"ஒரு மாறுதலுக்கு" என்றார் செயலாளர் கலியமூர்த்தி.
மாறுதல் ஆறு மணிக்கு என்று போட்டிருந்தது.
பேச வேண்டியவள் ரயில்வே கேட்டில் நின்றிருந்தாள்.
நீடாமங்கலத்தில் இதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.
எஞ்சினை மாற்றி மாட்டி, மன்னார்குடி வண்டி நகர்ந்து,
கேட் திறப்பதற்குள்
பாதிப் பேர் சுண்டலை முடித்திருந்தோம்.

பெர்னதெத் என்று பெயர். முப்பது இருக்கும்.
ஹெல்மெட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு
மன்னிப்புக் கேட்காமல் தொடங்கினாள்.
அது எனக்குப் பிடித்தது.

"இதை நீங்க சாக்குருவின்னு சொல்வீங்க."
சொல்வோம்.
முன்வரிசைக்காரர் ஒருவர்
தன் மாமனார் போன இரவு அது கத்தியதை
மணி, நிமிடத்தோடு சொன்னார்.
அவள் மறுக்கவில்லை.
எந்தத் தெரு, எந்த மரம் என்று கேட்டு
நோட்டில் குறித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு எவர்சில்வர் தட்டில்
கட்டைவிரல் பருமனுக்குக் கறுப்பு உருண்டை.
விழுங்கி, செரிக்காததைக் கக்கியது.
ஊசியால் பிரித்தாள்.
மயிர். முதுகெலும்பு.
நொய்யரிசியைவிடச் சின்னதாய்ப் பல்.
ஒரு மண்டை, இரண்டு,
மூன்று.
சம்பா வயலில் மூன்று எலி என்றால் எவ்வளவு நெல் மிச்சம்?
கூட்டுறவு வங்கியில் இருந்த சிங்காரவேலு
கணக்குப் போட்டே காட்டிவிட்டார்.

கடைசிப் படத்துக்கு விளக்கை அணைத்தார்கள்.
இரும்புச் சட்டங்கள். அறுந்து தொங்கும் ஒயர்கள்.
உச்சியில்
பவுடர் அப்பிய ஒரு முகம்.
ஓரத்தில் நேரம் 2.14.
"கைவிட்ட கட்டடம். இடம் சொல்ல மாட்டேன்" என்றாள்.

சொல்ல வேண்டியதில்லை.
மூன்றாவது சட்டத்தில் சிவப்பு பெயின்ட்டில் ஒரு ஏழு,
வால் வழிந்து ஒன்பது மாதிரி.
எழுதியது நான்.

முப்பத்து நாலு வருஷம் தொலைபேசி நிலையம்,
அதில் பாதி இரவு.
பலகையில் பொட்டு பொட்டாய் விளக்கு எரிந்த காலத்தில்
இரண்டே காலுக்குத்தான் தூக்கம் வந்து அமுக்கும்.
அப்போது ஒன்று எரியும்.
பம்பாய். ராய்ச்சூர். சில சமயம் பக்கத்து வலங்கைமான்.
அந்த நேரத்துக்கு நல்ல செய்தி வராது.
கேட்கக் கூடாது என்பது விதி.
கேட்டேன்.
எத்தனை வீட்டுச் சாவு
அந்த வீட்டுக்கு முன்னால் என் காதில் விழுந்தது.
காலையில் அதே தெருக்களில்தான் காய்கறி வாங்கினேன்.
யாரும் என்னை
அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கேள்வி நேரத்தில் எழுந்து நின்றேன்.
நின்ற பிறகு கேள்வி இல்லை.
"மழையில வடக்கு ஜன்னல் ஒழுகுமே" என்றேன்.
பெர்னதெத் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
"ஒழுகுது மேடம். தெற்கால நகர்ந்து உட்காருது."
"நாங்களும் அப்படித்தான்."

வீட்டில் அவர் செய்தி பார்த்தபடி தூங்கியிருந்தார்.
ரிமோட்டை விரலிடுக்கிலிருந்து உருவினேன்.
மாத்திரை டப்பாவில்
வியாழன் இரவுக் கட்டம் அப்படியே இருந்தது.
எழுப்பி விழுங்க வைத்தேன்.
நவம்பர் வருகிறது.
விரலை இயந்திரத்தில் வைத்து
உயிரோடிருப்பதை இருவரும் நிரூபிக்க வேண்டும்.
போன வருஷம் என் ரேகை
நாலாவது தடவைதான் பிடிபட்டது.

எத்தனை மணியோ, பாத்ரூம் போகக் கண் விழித்தபோது
வெண்ணாற்றுப் பக்கமிருந்து
புதுத்துணியைக் கிழிப்பது போல் ஒரு சத்தம்.
அவர் புரண்டார்.
"என்ன அது?"

"ராங் நம்பர்" என்றேன்.
"தூங்குங்க."